தெரியாமல் செய்த தவறு: பாவம் நீங்கும், பொறுப்பு நீங்காது



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டுமாக!

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே!

அறுவடைக் காலத்தில் நம் தஞ்சைப் பகுதிப் பெட்ரோல் பங்க்குகளில் எவ்வளவு அவசரம் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டை ஏற்றிய வண்டிகள் ஒருபக்கம், மழை வந்துவிடுமோ என்ற பயம் ஒருபக்கம். அந்த அவசரத்தில் டீசல் வண்டிக்குப் பெட்ரோல் அடித்துவிடுவது நடக்கக்கூடிய தவறுதான். வண்டி பாதி வழியில் நின்றால் நெல்லும் நனையும், எஞ்சினும் கெடும். பிறகு தகராறு. "தெரியாமல் நடந்துவிட்டது, நான் என்ன செய்வேன்?" என்கிறார் ஒருவர். "என் நஷ்டத்துக்கு யார் பதில்?" என்கிறார் மற்றவர். மார்க்கம் இதில் என்ன சொல்கிறது?

முதலில் பாவம் உண்டா என்று பார்ப்போம். அறியாமல் தவறுவதில் உங்கள் மீது குற்றமில்லை, உள்ளம் வேண்டுமென்றே செய்வதில்தான் குற்றம் என்ற கருத்தை அஹ்ஸாப் சூராவின் 5-ஆம் வசனம் தருகிறது. மறந்தோ தவறியோ செய்தவற்றுக்காக எங்களைப் பிடிக்காதே என்று கேட்கும் துஆவை அல்பகரா சூராவின் கடைசி வசனத்தில் அல்லாஹ்வே நமக்குக் கற்றுத் தருகிறான். ஆகவே அந்த ஊழியர் அல்லாஹ்விடம் பாவி அல்லர்.

ஆனால் விஷயம் அத்துடன் முடியவில்லை. அந்நிஸா சூராவின் 92-ஆம் வசனத்தைப் பாருங்கள். ஒரு முஃமினைத் தவறுதலாகக் கொன்றவர் பரிகாரமும் செய்ய வேண்டும்; கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு தியத் எனும் நஷ்டஈடும் கொடுக்க வேண்டும். அந்தக் குடும்பத்தார் தர்மமாக விட்டுக்கொடுத்தால் மட்டும் தியத் நீங்கும். பாவத்தை அல்லாஹ் மன்னிக்கிறான். அடியானின் ஹக்கை அந்த அடியான்தான் மன்னிக்க வேண்டும். நஷ்டப்படுத்தியவர் "தெரியாமல்தானே செய்தேன்" என்று அந்த மன்னிப்பைத் தானே எடுத்துக்கொள்ள முடியாது.

அன்பானவர்களே! மெக்கானிக்குகள் சொல்லும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். டீசல் வண்டியில் பெட்ரோல் விழுந்தது உடனே தெரிந்தால் சாவியைத் திருப்பவே கூடாது. வண்டியைத் தள்ளி நிறுத்தி, டேங்க்கை வடித்துச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சிறிய செலவோடு போய்விடும். ஸ்டார்ட் செய்தால் கதை வேறு. டீசல் எரிபொருள் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் பம்ப்புக்கு எண்ணெய்ப் பசையும் அதுதான். பெட்ரோலுக்கு அந்தப் பசை கிடையாது. இரும்போடு இரும்பு உரசி, தூள் இன்ஜெக்டர் வரை போகும். செலவு பல மடங்காகும்.

அப்படியானால், அடித்து முடித்த பிறகு தவறு தெரிந்தும் வாய் திறக்காமல் வண்டியை அனுப்பி வைப்பவரின் நிலை என்ன? கை தவறியது மன்னிக்கப்பட்டது. தெரிந்த பிறகு மௌனமாக இருந்தது அவருடைய தேர்வு. அதில் நிய்யத் இருக்கிறது. அதற்கு மறுமையில் கேள்வியும் இருக்கிறது. ஆகவே வேலை போய்விடுமே என்று பயந்தாலும் "அண்ணே, வண்டியை எடுக்காதீங்க" என்று உடனே சொல்லிவிட வேண்டும். அதுதான் அமானிதம்.

சரி, பணம் யார் கொடுப்பது? சலவைக்காரர் கடையில் வேலை செய்யும் பையன், தன் வேலையின்போது துணியைக் கிழித்துவிட்டால் அதன் பொறுப்பு கடைக்காரருடையது என்று ஹனஃபி ஃபுகஹாக்கள் எழுதியிருக்கிறார்கள். பையன் வரம்பு மீறியிருந்தால் மட்டும் அது அவன் மீது வரும். மாதச் சம்பளத்துக்கு வெயிலில் நிற்கும் ஒரு பையனின் கூலியில் முழு நஷ்டத்தையும் பிடிக்கும் முதலாளிகள் இதை யோசிக்க வேண்டும். வண்டிக்காரருக்கும் பங்கு உண்டு. போனில் பேசிக்கொண்டே "ஆயிரத்துக்கு அடி" என்று மட்டும் சொன்னவர், டீசல் என்று சொல்லாதது தன் குறைதானா என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். இப்படிப்பட்ட வழக்கு வந்தால் இரு தரப்பும் ஓர் ஆலிமிடம் வந்து முழு விவரத்தையும் சொல்லுங்கள்.

அன்பியா சூராவின் 78, 79-ஆம் வசனங்கள் ஒரு தீர்ப்பைச் சொல்கின்றன. ஒருவரின் ஆடுகள் இரவில் இன்னொருவரின் விளைநிலத்தில் மேய்ந்துவிட்டன. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து நம் வயல்களில் கிடை போடுவதைப் பார்த்த நமக்கு இது புரியாத வழக்கல்ல. ஆடுகளை நிலக்காரருக்கே கொடுத்துவிடும்படி தாவூத் (அலை) அவர்கள் தீர்ப்பளித்ததாக முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள். சுலைமான் (அலை) அவர்களின் தீர்ப்பு வேறு: ஆட்டுக்காரர் நிலத்தைப் பழையபடி விளைய வைத்துத் தரட்டும், அதுவரை ஆடுகளின் பாலும் உரோமமும் நிலக்காரருக்கு, பிறகு அவரவர் பொருள் அவரவருக்கு. அந்தத் தீர்ப்பைத் தானே விளங்க வைத்ததாக அல்லாஹ் சொல்கிறான். நிலக்காரரின் நஷ்டம் தீர்ந்தது, ஆட்டுக்காரரும் ஓட்டாண்டியாகவில்லை. நாமும் நஷ்டத்தைச் சரிசெய்ய வேண்டும், ஆளை அழித்துவிடக் கூடாது. கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள், தர்மமாக விட்டுவிடுவது இன்னும் நல்லது என்பது அல்பகரா 280-ஆம் வசனத்தின் போதனை.

அமெரிக்காவில் பாப் ஹூவர் என்ற புகழ்பெற்ற விமானி இருந்தார். அவருடைய பிஸ்டன் எஞ்சின் விமானத்தில் ஒரு ஊழியர் தவறுதலாக ஜெட் எரிபொருளை நிரப்பிவிட்டார். மேலே ஏறியதும் எஞ்சின்கள் நின்றன. உயிர் தப்பி வந்த ஹூவர் அந்த ஊழியரைத் திட்டவில்லை. நாளையும் என் விமானத்துக்கு நீதான் எரிபொருள் நிரப்ப வேண்டும் என்றார். ஜெட் எரிபொருள் குழாயின் முனை அந்த டேங்க்கின் வாயில் நுழையாதபடி ஒரு வடிவமைப்பும் பிறகு வந்தது. அது இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. மன்னித்ததோடு நிற்காமல், அதே தவறு மறுபடி நடக்கும் வழியும் அடைக்கப்பட்டது.

நமக்கோ இதைவிட அழகிய முன்மாதிரி இருக்கிறது. பத்தாண்டுகள் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், ஒருமுறைகூடத் தம்மை "சீ" என்று நபியவர்கள் சொன்னதில்லை என்று அறிவிக்கிறார்கள். சிறு வயதில் வேலைக்கு வந்த பிள்ளை பத்தாண்டுகளில் தவறே செய்திருக்காதா?

ஆகவே சகோதரர்களே! தவறியவர் உடனே சொல்லட்டும், தன் பொறுப்பை ஏற்கட்டும். நஷ்டப்பட்டவர் தன் ஹக்கைக் கேட்கட்டும், ஆனால் கையை ஓங்காமல், ஏசாமல் கேட்கட்டும். முடிந்தவர் மன்னிக்கட்டும்.

யா அல்லாஹ்! நாங்கள் அறியாமல் செய்த தவறுகளை மன்னிப்பாயாக! அறிந்த பிறகு மறைக்கும் குணத்தை விட்டும் எங்களைப் பாதுகாப்பாயாக! பிறருடைய ஹக் எங்கள் கழுத்தில் தொங்க உன்னைச் சந்திக்கும் நிலையை எங்களுக்குத் தந்துவிடாதே! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.