யாருடைய கவனக்குறைவு?

பேச்சிப்பாறை அணைக்கரையில் நின்றால் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர்தான். திருவிதாங்கூர் மகாராஜா மூலம் திருநாள் காலத்தில், 1906-ல் கட்டி முடித்த அணை. நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு அதுதான் உயிர். ஆனால் சென்ற முறை நான் அங்கே போனபோது, பேச்செல்லாம் தீயைப் பற்றியதாகவே அமைந்துவிட்டது.

நீர்த்தேக்கத்துக்கு அப்பால் மலைச்சரிவுகளில் காணிக்காரர்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. முன்னாளில் காட்டில் ஒரு துண்டை வெட்டி எரித்துப் பயிரிட்டு, மண் சலித்ததும் வேறிடம் பெயர்ந்துகொண்டிருந்த மக்கள். யானைக்குப் பயந்து மரத்தின் மேல் ஏறுமாடம் கட்டிப் படுத்தவர்கள். இன்று ஓரிடத்தில் நிலைத்துவிட்டார்கள். சர்க்கார் வீடுகளும் வந்துவிட்டன. அப்படி ஒரு குடியிருப்புக்கு நானும் ஒரு நண்பரும் படகில் போனோம்.

நண்பர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். அங்கே ஒரு சிமெண்டு வீட்டின் பின்சுவரை ஒட்டி ஓலைச் சாய்ப்பு இறக்கி, அதற்குள் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குத் தாங்கவில்லை. "தீப்பிடிக்காத வீடு கட்டிக் கொடுத்தால் அதிலும் ஓலையைக் கொண்டுவந்து ஒட்டுகிறார்களே! இந்த ஜனங்களுக்குக் கவனமே கிடையாது" என்றார்.

வீட்டுக்கார முதியவரின் காதில் அது விழுந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"உள்ள வெறகு எரிச்சா பொகை போக வழி கெடயாது, சாரே. பிள்ளையளுக்கு ஒரே இருமலு. அதான் வெளிய எறக்கினேன்."

"முன்பெல்லாம் எப்படிப் பாட்டா?" என்று கேட்டேன்.

"எங்க அப்பன் காலத்துல காட்டுக்குத் தீ வைக்கதுக்கு மின்ன, சுத்தி வரம்பு செத்திப்போட்டுத்தான் வைப்பாவ. குடிலுக்கும் குடிலுக்கும் எடம் விட்டுத்தான் கெட்டுவாவ."

வீடு கட்டும்போது உங்களிடம் யாராவது யோசனை கேட்டார்களா என்றேன். அவர் சிரித்தார். தீயை எல்லைகட்டி நிறுத்தத் தெரிந்த ஒரு வம்சத்தைத்தான் நண்பர் கவனமில்லாதவர்கள் என்று சொல்லிவிட்டார்.

என் வீட்டிலும் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் மறந்து, அது பற்றிக்கொள்ளும் அளவுக்குப் போனதுண்டு. என் மனைவி ஒரு மூடியைப் போட்டு அமர்த்திவிட்டாள். எங்களை யாரும் 'இந்த ஜனங்கள்' என்று சொல்லவில்லை. அதே மறதி இன்னொரு வீட்டில் என்ன செய்யும்?

அயர்லாந்தில் 'டிராவலர்' என்ற நாடோடிச் சமூகம் ஒன்று உண்டு. 2015 அக்டோபர் 10-ஆம் தேதி, டப்ளின் நகரையடுத்த காரிக்மைன்ஸில், அவர்களுக்கான தற்காலிகக் குடியிருப்பு ஒன்றில் விடியற்காலையில் தீப்பிடித்தது. பத்துப் பேர் மாண்டார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அடுப்பில் விட்ட எண்ணெய்ச் சட்டியே காரணமாக இருக்கலாம் என்று பின்னால் மரண விசாரணையில் தெரியவந்தது. தப்பிப் பிழைத்தவர்களைத் தற்காலிகமாகக் குடிவைக்கப் பக்கத்திலேயே ஓர் இடம் பார்த்தார்கள். அந்தத் தெருவாசிகள் வழியை மறித்து நின்றார்கள். கடைசியில் வேறிடம் தேட வேண்டியதாயிற்று. அந்தத் தெருக்காரர்களும் தத்தம் வீட்டில் நல்ல மனிதர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

நமக்கும் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்துப் பள்ளியில் சமையற்கட்டுத் தீ ஓலைக்கூரையைப் பற்றி 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. அடுப்பிலிருந்து பொறி பறப்பது தற்செயல். அந்தப் பொறிக்கு எட்டுகிற இடத்தில் ஓலையை வைத்ததும், குழந்தைகள் இறங்கி ஓட நல்ல வழியில்லாமல் கட்டியதும் மனிதர்கள் முன்கூட்டியே செய்து வைத்த காரியங்கள்.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 2024-ல் தொடங்கிய 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம் வீட்டுக்கு 360 சதுர அடியும் மூன்றரை லட்சம் ரூபாயும் என்று வகுத்தது. கூரைக்கு ஓலையோ அஸ்பெஸ்டாஸோ கூடாது என்றும் விதித்தது. நல்ல விதி. ஆனால் விறகு எரிப்பவனுக்குப் புகை போக வழி வைக்காவிட்டால், வாசலில் விலக்கிய ஓலை கொல்லைப்புறமாக வந்து சேர்ந்துவிடுகிறது.

அப்படியானால் குடியிருப்பவனுக்குப் பொறுப்பே இல்லையா? நிச்சயம் உண்டு. படுக்குமுன் கங்கை அணைப்பதும், அடுப்பருகில் சுள்ளியைக் குவிக்காமல் இருப்பதும் அவன் வேலைதான். ஆனால் வீட்டுக்கு வீடு இடைவெளி விடுவதும், இன்னொரு வாசல் வைப்பதும், அடுப்பு எங்கே என்று முதலில் கேட்பதும் அவன் கையில் இல்லை. தன் கையிலிருந்ததைச் செய்யாதவன் பிறனுடைய கவனத்தைப் பற்றிப் பேச உரிமை இல்லாதவன் என்றே எனக்குத் தோன்றுகிறது.

திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தீயணைப்பு வண்டி படகில் ஏறி வராது. இத்தனை தண்ணீரும் அந்தச் சாய்ப்புக்கு உதவிக்கு வரப்போவதில்லை. நண்பர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். கரை நெருங்கியபோது கேட்டார்:

"ஒரு புகைபோக்கி வைக்க என்ன செலவாகும்?"