பெரிய தாத்தா எந்தப் பக்கம்?

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. ஒன்று ராணுவ உடுப்பில் நேதாஜி. இன்னொன்று என் பெரிய தாத்தா, அதாவது தாத்தாவின் அண்ணன். ஒவ்வொரு ஜனவரி 23-ஆம் தேதியும் ஜாம் பஜாரிலிருந்து இரண்டு சாமந்தி மாலை வரும். பெரிய தாத்தாவின் திதியைக்கூட ஒன்றிரண்டு வருடம் மறந்திருக்கிறோம், இதை மறந்ததில்லை. 'நேதாஜி படையில இருந்தவர் வீடு' என்று கேட்டால் திருவல்லிக்கேணியில் எங்கள் சந்துக்கு வழி சொல்லிவிடுவார்கள். எட்டாம் வகுப்பில் அவரைப் பற்றி மேடையில் பேசி எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கினேன்.

அவர் நேதாஜி படையில் இருந்ததே இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் அந்த வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கினோம். செல்லரித்த கம்பளி, சவரக் கிண்ணம், அவற்றுக்கு அடியில் துணியில் சுற்றிய ஒரு வெண்கல நட்சத்திரம், ஒரு டிஸ்சார்ஜ் புத்தகம். நட்சத்திரத்தின் நடுவில் கிரீடம், அதைச் சுற்றி 'பர்மா ஸ்டார்' என்று ஆங்கிலத்தில். புத்தகத்தில் அவர் பெயர், அப்பா பெயர், உயரம், மார்பில் ஒரு மச்சம். படை: ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ். வேலை: டிரைவர். 1942-ல் மதராஸில் சேர்ந்து 1946-ல் வெளியே வந்திருக்கிறார். இடையில் ஒருநாள் விடுபடவில்லை. நடத்தை: மிக நன்று.

வரலாறு கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இந்திய தேசிய ராணுவம் உருவானது சிங்கப்பூரில். 1942 பிப்ரவரி 15-ல் நகரம் விழுந்தது, இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் இந்தியக் கைதிகளை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அவர்களிலிருந்தும், பிறகு மலேயாத் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்களிலிருந்தும்தான் அந்தப் படை திரண்டது. அந்த வருடம் மதராஸில் ஆளெடுப்பு அலுவலக வாசலில் நின்றவர் அங்கே இருந்திருக்க வழியே இல்லை. இவர் எதிர்ப்பக்கம். நேதாஜியின் ஆட்கள் இம்பாலை நோக்கி வந்தபோது, அவர்களைத் தடுத்த படைக்குப் பெட்ரோலும் மாவும் குண்டும் ஏற்றிப்போன ஆயிரக்கணக்கான லாரிகளில் ஒன்றை ஓட்டியவர்.

பெட்டியை மூடிவிட்டு அன்றைக்கு நான் யாரிடமும் சொல்லவில்லை. மூட்டை கட்டும் மும்முரம் என்று காரணம் சொல்லிக்கொண்டேன்.

யார் இந்தப் பொய்யைச் சொன்னது? அவரே சொன்னாரா? அவர் 1995-ல் போனபோது எனக்கு ஒன்பது வயது. என்னிடம் அவர் சொன்ன ஒரே போர்க்கதை ஒரு லாரியைப் பற்றியது. ராத்திரி, மலைப்பாதை, ஹெட்லைட் போடக்கூடாது, முன்னால் போகும் வண்டியின் பின்பக்கம் பூசிய வெள்ளைச் சாயத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டும். "அந்த வெள்ளை மறைஞ்சா நிறுத்திடணும். நிறுத்தாம போனவன் கீழ கெடப்பான்." அவ்வளவுதான். அந்தக் கதையில் நேதாஜியும் இல்லை, ராஜாவும் இல்லை.

கடைசியில் அவர் மகளிடம் கேட்டேன். எனக்கு அத்தை முறை, எழுபது தாண்டியவர். புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார், ஆனால் படிக்கவில்லை.

"அப்பா ஒருதடவகூட தன் வாயால அப்படிச் சொன்னதில்லடா. என்னைப் பொண்ணு பாக்க வந்தாங்கல்ல, அறுபத்தெட்டுல. மாப்பிள்ளையோட அப்பா காந்தி குல்லா போட்ட மனுஷன். பேச்சுவாக்குல, 'பர்மாவுல இருந்தீங்களாமே, நேதாஜி படையா?'ன்னாரு. அப்பா வாயத் தொறக்கறதுக்குள்ள உள்ளேருந்து அம்மா 'ஆமா'ன்னுட்டாங்க."

"தாத்தா என்ன பண்ணாரு?"

"சட்டையை மாட்டிக்கிட்டு வெத்தலை வாங்கப் போயிட்டாரு. அந்த ஆமாவுலதான் எனக்குக் கல்யாணம் ஆச்சு."

இதைக் கேட்ட பிறகு உண்மையைச் சொல்லியே தீருவேன் என்ற என் வீறாப்பு கொஞ்சம் இறங்கிவிட்டது. ஒரு பெண்ணின் ஐம்பது வருட வாழ்க்கை அந்த ஒற்றைச் சொல்லின் மேல் நிற்கிறது. செத்துப்போனவரின் சேவைக் குறிப்பைத் திருத்தி நான் யாருக்கு என்ன நியாயம் செய்யப் போகிறேன்?

ஹரால்ட் வெல்சர் என்ற ஜெர்மானிய சமூக உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2002-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். அதன் தலைப்பைத் தமிழில் 'தாத்தா நாஜி இல்லை' என்று சொல்லலாம். ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகளிடம் போர்க்காலத்தைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்தார்கள். தாத்தா தானே சொன்ன கசப்பான கதைகூட, பேரன் வாயில் வரும்போது, அவர் யூதரைக் காப்பாற்றிய கதையாகவோ எதிர்த்துப் பேசிய கதையாகவோ மாறியிருந்தது. பேரப்பிள்ளைகள் பொய்யர்கள் இல்லை. தாத்தாவின் மேல் பாசம், நாஜிகள் மேல் வெறுப்பு, இரண்டும் அவர்களுக்கு உண்மை. இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொள்ள இடமில்லாமல் கதையை நகர்த்திக்கொண்டார்கள். பெரிய தாத்தாவை நாஜியோடு ஒப்பிடவில்லை, அது அபத்தம். அவர் சண்டை போட்டது ஜப்பானியப் பேரரசை எதிர்த்து. சயாம் மரண ரயில்பாதையில் மலேயாத் தமிழர்களைக் கொத்துக்கொத்தாகச் சாகவிட்ட பேரரசு அது. ஆனால் நகர்த்தும் கை ஒன்றுதான். எட்டாம் வகுப்பு மேடையில் நான் ஒருபடி மேலே போய், நேதாஜி அவர் தோளைத் தட்டிக்கொடுத்ததாகவே பேசினேன். அதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. இரண்டு பேருக்கு நஷ்டம் என்று இப்போது படுகிறது. ஒருவர், மலேயாவின் ஏதோ ஒரு ரப்பர்த் தோட்டத்திலிருந்து கிளம்பிப்போய், துப்பாக்கி பிடித்து ஒரு வருடம்கூட ஆகாமல் செத்தவர். படம் கிடையாது, டிஸ்சார்ஜ் புத்தகம் கிடையாது. சிங்கப்பூரில் அந்தப் படையின் மாண்டவர்களுக்கு 1945-ல் எழுப்பிய நினைவுச்சின்னத்தையும் திரும்பி வந்த பிரிட்டிஷார் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அவருக்குப் போக வேண்டிய சாமந்தி மாலையை எங்கள் கூடத்தில் நாங்கள் வருடாவருடம் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தோம். இன்னொருவர் பெரிய தாத்தா. விளக்கில்லாத மலைப்பாதையில் வெள்ளைச் சாயத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டிய அந்த இருபத்தொரு வயதுப் பையனை நாங்கள் அழித்துவிட்டோம். அவனை அப்படியே ஏற்க எங்களுக்குக் கூச்சம். பெருமைப்படுத்துகிறோம் என்ற பெயரில் நாங்கள் சொன்னது, 'நீ நீயாக இருந்தால் போதாது' என்பதைத்தான்.

நண்பர்கள் வட்டத்தில் உண்மையைச் சொன்னபோது வேறொரு சமாதானம் தயாராக வந்தது. "பாவம், வயித்துக்காகப் போயிருப்பாரு." எனக்கும் முதலில் அது ஆறுதலாக இருந்தது. நடந்திருக்கவும் கூடும். 1942 ஏப்ரலில் ஜப்பான் குண்டு போடப்போகிறது என்று பாதி ஊர் காலியாகி, மிருகக்காட்சிசாலையின் சிங்கம் புலிகளைக்கூடச் சுட்டுக் கொன்ற மதராஸ் அது. வேலை எங்கே இருந்திருக்கும்? ஆனால் யோசிக்க யோசிக்க இதிலும் ஒரு இளக்காரம் தெரிகிறது. படித்தவன் போனால் கொள்கை, ஏழை போனால் வயிறு என்று யார் பிரித்தது? அந்தப் போரில் சேர்ந்த 25 லட்சம் இந்தியர்களுக்கும் ஒரே காரணமா இருக்கும்? ஒருவேளை அவருக்கு லாரி ஓட்ட ஆசையாக இருந்திருக்கலாம். ஒருவேளை, மதராஸிகள் போர்க்குணம் இல்லாதவர்கள் என்று சொல்லி இந்த மாகாணத்துக் காலாட்படையை வெள்ளைக்காரன் 1928-க்குள் கலைத்துவிட்டது அவர் காதில் விழுந்து உறுத்தியிருக்கலாம். ஒருவேளை அப்பாவோடு சண்டை. காரணத்தை நாம் இட்டு நிரப்பும் ஒவ்வொரு தடவையும் அவர் கொஞ்சம் நம் சாயலுக்கு வந்துவிடுகிறார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1939 செப்டம்பர் 3-ஆம் தேதி நேதாஜி பேசிக்கொண்டிருந்தது எங்கள் கடற்கரையில்தான். கூட்டத்தில் ஒருவர் அவர் கையில் மாலைப் பத்திரிகையைக் கொடுக்கிறார், பிரிட்டன் போர் அறிவித்த செய்தி அதில் இருக்கிறது. அவரே எழுதியிருக்கிறார். வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். பதினெட்டு வயதுப் பையன் அந்தக் கூட்டத்தில் இல்லாமலா இருந்திருப்பான் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. எழுதினால் இன்னொரு 'ஆமா'.

இந்த ஊரின் ஞாபகமே விசித்திரம்தான். 1914 செப்டம்பர் 22 ராத்திரி மதராஸ் மேல் குண்டு போட்டது எம்டன் என்ற ஜெர்மன் கப்பல். இன்றைக்கும் கில்லாடியான ஆளைப் பார்த்தால் "சரியான எம்டன்டா" என்கிறோம். எதிரியின் கப்பலுக்கு நம் பேச்சில் நிரந்தர இடம். இங்கிருந்து மெசபடோமியாவுக்கும் பர்மாவுக்கும் போனவனுக்கு அதில் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் இதே தமிழ்நாட்டில்தான் மாட்டை மீட்கப் போய்ச் செத்த சாதாரண மனிதனுக்கெல்லாம் நடுகல் நட்டார்கள். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில், எசமானோடு சேர்ந்து கள்ளர்களைக் கடித்த நாய்க்கும் இடமுண்டு. கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். யார் மாடு, எந்தக் குறுநிலத் தலைவன் பக்கம் நியாயம் என்ற விசாரணையைக் கல் செய்வதில்லை. இந்த ஆள், இந்த இடத்தில், இப்படி. எனக்கு அந்த நிதானம் பிடித்திருக்கிறது.

பிடித்திருக்கிறது என்பதற்காக அதிலேயே நின்றுவிடவும் முடியவில்லை. 'அவர் வண்டிதானே ஓட்டினார், சுட்டாரா என்ன' என்று நானே எனக்குள் வாதாடிய ஒரு சாயங்காலம், பார்த்தசாரதி கோயிலுக்குள் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பேட்டையின் சாமியே போரில் தேர் ஓட்டியவர். மூலவர் மீசையோடு நிற்கிறார், கையில் சங்கு உண்டு, சக்கரம் கிடையாது. ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவர். உற்சவர் முகத்தில் இருக்கும் வடுக்கள் குருக்ஷேத்திரத்தில் பட்ட அம்புகளுடையவை என்பார்கள். அம்பு சாரதியையும் விடவில்லை, சரி. ஆனால் போர் முடிந்து நூறு பிள்ளைகளைப் பறிகொடுத்த காந்தாரி சபித்தது யாரை? பீமனை இல்லை, அர்ஜுனனை இல்லை. ஆயுதம் எடுக்காத சாரதியை. நீ நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம் என்று. அவரும் அந்தச் சாபத்தை மறுக்காமல் வாங்கிக்கொண்டார். 'ஓட்டினேன், அவ்வளவுதான்' என்பது அந்தக் கோயிலில் செல்லுபடியாகாத வாதம்.

நாடும் எங்கள் வீட்டுக் கூடத்தைப் போலத்தான் நடந்துகொண்டது. சுதந்திரத்துக்குப் பிறகு நேதாஜியின் ஆட்களைத் தியாகிகள் என்றது, 1972-ல் வந்த தியாகிகள் பென்ஷனில் அவர்களையும் சேர்த்தது. ஆனால் ராணுவத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. தொடர்ந்தது அவர்களை எதிர்த்துச் சண்டை போட்ட அதே ராணுவம், கொடியும் தொப்பிச் சின்னமும் மாறி. போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெரிய தாத்தா மாதிரி ஆட்களுக்குப் பென்ஷனும் இல்லை, தியாகிப் பட்டமும் இல்லை. மிச்ச வாழ்க்கை முழுக்க அவர் மூர் மார்க்கெட் பக்கம் ஒரு கம்பெனிக்கு லாரி ஓட்டினார்.

அத்தை அன்றைக்கு இன்னொன்றும் சொன்னார். கடைசிக் காலத்தில், ஜுரத்தில் படுத்திருந்தபோது, அவர் ஒருமுறை தானாகப் பேசியிருக்கிறார். ரங்கூன். 1945-ல் ஜப்பானியர் நகரத்தை விட்டு ஓடியபோது, லோகநாதன் என்ற தமிழர் தலைமையில் ஏறக்குறைய 6,000 பேர் ஊரைக் காக்க நின்று, பிறகு பிரிட்டிஷாரிடம் சரணடைந்தார்கள் என்பது வரலாறு. அத்தைக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. அவர் சொன்னது இவ்வளவுதான்:

"லாரி பின்னாடி கைதிங்கள ஏத்தி விட்டாங்களாம். நல்ல வெயில். வண்டி ஓட ஆரம்பிச்சப்புறம் பின்னாடிலேருந்து ஒருத்தன் தமிழ்ல, 'அண்ணே, கொஞ்சம் தண்ணி'ன்னானாம். அதச் சொல்லிட்டு மோட்டுவளையையே பாத்துக்கிட்டு கெடந்தாரு."

"குடுத்தாராமா?"

"நான் கேக்கல."

"ஏன் அத்தை?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. அதான் கேக்கல."

போன ஜனவரி 23-க்கு நேதாஜி படத்துக்கு மட்டும் மாலை போட்டோம். அத்தைதான் சொன்னார். பெரிய தாத்தாவுக்கு அவர் திதியன்று போட்டுக்கொள்ளலாம் என்றார், மெடலை வெளியே வைக்க வேண்டாம் என்றும் சொன்னார். வைக்கவில்லை. அந்த டிபன் பாக்ஸ் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் அதில்தான் தயிர்சாதம் கொண்டுபோகிறாள். அடியில் பொறித்திருக்கும் 'முதல் பரிசு' எதற்கு என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.