ஊசியால் வருங் கேடும் உதவியால் வரும் பழியும்

மயக்க மருந்தை ஊசியால் இரத்தத்தில் ஏற்றுவானொருவனுக்குத் தூய ஊசி கொடுத்தல் அறமாகுமா, பாவத்துக்குத் துணைபோதலாகுமா? இவ்வினா தூரதேயத்தார்க்கே உரியதென்று நாரந்தனை முதலாய தீவகத்தார் வாளாவிருத்தற்கில்லை. ஹெரோயினை ஊசியாலேற்றிய யாழ்ப்பாணத்து இளைஞர் கிருமித்தொற்றால் மாண்ட செய்திகள் 2022ஆம் ஆண்டிற் பத்திரிகைகளில் வெளிவந்தன.

தோல் உடம்புக்கு அமைந்த காவல். ஊசி அக்காவலைத் துளைத்துச் செல்வது. அளவு மிகின் மூச்சு அடங்கிப்போம். அழுக்கூசிவழிப் புகுங் கிருமி சீழ்க்கட்டியை உண்டாக்கும்; இரத்தத்தோடு சென்று இருதயத்தின் வால்வுகளையும் அரிக்கும். ஒருவன் குத்திய ஊசியைப் பிறனொருவன் வாங்கிக் குத்தின், எயிட்ஸ் நோய்க் கிருமியும், ஈரலைக் கெடுக்கும் பி, சி என்னும் இருவகை அழற்சிக் கிருமிகளும் உடன் புகும். மணிப்பூரிலே 1989ஆம் ஆண்டின் நடுப்பகுதிவரை ஊசியேற்றுவாரிடத்துக் காணப்படாத எயிட்ஸ் கிருமி, மறுவருடஞ் சோதிக்கப்பட்டோரிற் பாதியளவினரிடத்துக் காணப்பட்டது. பின்னர் அவர்தம் மனைவியர்க்கும் குழந்தைகட்கும் பரந்தது. அக்குழந்தைகள் செய்த குற்றம் யாது?

குற்றஞ் செய்தான் அதன் பயனை நுகர்க என்பார் சிலர். கள்ளுண்டு கிணற்றில் வீழ்ந்தானுக்குக் கயிறு கொடாது நிற்பாருளரோ? கொடுத்தாரைக் கள்ளுக்குத் துணைநின்றாரென்று எவருஞ் சொல்லார். கயிறு வெளியே எடுப்பது, ஊசியோ உள்ளேயே இருத்துவதன்றோ எனின், அது வலிய ஆட்சேபமேயாம். ஆயினும், ஊசி பெற வருபவன் மறைவிடம் விட்டு மனிதர் முன் வருகின்றான்; ஆண்டுச் சோதனையும் வைத்தியமும் பழக்கம் விடும் வழியும் அவனுக்குக் கிடைத்தல் கூடும். இவ்வுதவி தொற்றைக் குறைக்குமென்பதும், பழக்கத்தைப் பெருக்கியதற்குத் தக்க சான்றில்லையென்பதும் உலக சுகாதார நிறுவனம் 2004இல் வெளியிட்ட ஆராய்ச்சியின் முடிபு. செத்தவன் திருந்துதலில்லை, ஆதலின், உயிர்காத்தல் திருத்துதற்கு முற்பட்ட கடனாம்.

ஊசி கொடுத்தல் வைத்தியர்க்குரியது. ஆசிரியர்க்குரிய கடன் வேறு. பழக்கத்தை நல்லதென்று ஒருபோதுஞ் சொல்லற்க. அதனால் வருங் கேட்டை மறையாது, மிகைப்படுத்தாது மாணாக்கர்க்கு விளக்குக. வழுவிய மாணாக்கனை வகுப்பின் முன்னே நிறுத்தி இகழாது, பெற்றாரோடு தனித்துப் பேசி வைத்தியசாலைக்கு அனுப்புக. இகழப்பட்டவன் ஒளிப்பான், ஒளிந்தவிடத்தே ஊசி கைமாறும். பழக்கத்தை வெறுத்தலும் பழகினானைக் கைவிடாமையும் ஒருங்கு நிற்றல் கூடும். அங்ஙனம் நிற்பதே ஆசிரியர்க்கு அறம்.