அருவருப்புக்கு எத்தனை வருஷம்?

அந்தப் படங்களைப் பார்த்தேன். முழுசாகக்கூட இல்லை, நாலைந்து பக்கம்தான். அதற்குள் காலையில் சாப்பிட்ட இட்லி தொண்டை வரை வந்துவிட்டது. என் வீட்டு அலமாரியில் அந்தப் புத்தகத்துக்கு இடம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'இந்த ஆளுக்குக் குழந்தை குட்டி இல்லையா?' என்று நீங்கள் கடிதம் போடக்கூடாது பாருங்கள். இருக்கிறார்கள், இரண்டு பேர்.

புத்தகத்தின் பெயர் 'பாயில்டு ஏஞ்சல்'. வரைந்தவர் மைக் டயானா. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்துக்காரர். இருபது சொச்சம் வயசில் வரைந்த காமிக்ஸ். கொலை, பலாத்காரம், குழந்தைகளுக்கு நடக்கும் கொடுமை, மதகுருமார்களின் அக்கிரமம்... எல்லாம் கறுப்பு வெள்ளைக் கோடுகளில். எந்தக் கடையிலும் தொங்கவில்லை. கேட்டு எழுதியவர்களுக்கு மட்டும் தபாலில் போனது. சுமார் 300 பிரதிகள். நம்ம ஊரில் கோயில் திருவிழா நோட்டீஸே ஆயிரம் அடிப்பார்கள்!

1990-ல் ஃப்ளோரிடாவின் கெய்ன்ஸ்வில் நகரில் ஐந்து மாணவர்கள் கொடூரமாகக் கொல்லப்பட்டார்கள். அந்தச் சமயத்தில் ஒரு பிரதி போலீஸ் கையில் சிக்கியது. 'இப்படி வரைகிறவன் அப்படியும் செய்திருப்பானோ?' என்று சந்தேகம். விசாரித்தார்கள். அவர் இல்லை. டேனி ரோலிங் என்பவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2006-ல் மரண தண்டனையும் நிறைவேறியது.

டயானாவை அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஒரு போலீஸ்காரர் 'நானும் ஓவியன்தான்' என்று பொய்க் கடிதம் எழுதி, பிரதிகளை வாங்கினார். வழக்குப் போட்டார்கள். ஆபாசப் பொருளை வெளியிட்டது, விநியோகித்தது, விளம்பரம் செய்தது என்று மூன்று குற்றச்சாட்டுகள். 1994 மார்ச்சில் ஜூரிகள் மூன்றிலும் குற்றவாளி என்றார்கள். வரைந்த படத்துக்காக அமெரிக்காவில் ஆபாசக் குற்றவாளியான முதல் ஓவியர் இவர்தான் என்கிறார்கள்.

தண்டனை விவரம் கேளுங்கள். தீர்ப்புக்கும் தண்டனைக்கும் நடுவே நாலு நாள் ஜெயில். மூன்று வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு. 3,000 டாலர் அபராதம். 1,248 மணி நேரம் சமூக சேவை. காமர்ஸ் படித்த புத்தி, வகுத்துப் பார்த்தேன். வாரத்துக்கு எட்டு மணி வீதம் சரியாக 156 வாரம், அதாவது மூன்று வருஷம்! சொந்தச் செலவில் மனநலப் பரிசோதனை வேறு. கடைசியாக ஒன்று: இனி இப்படி வரையக்கூடாது, தனக்காகக்கூட. வரைகிறாரா என்று பார்க்க, வாரண்ட் இல்லாமலே வீட்டைச் சோதனை போடலாம்.

கணக்கு வகுப்பில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள், ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு இருக்கணும் என்று. தண்டனையை ஒரு பக்கம் எழுதியாச்சு. எதிர்ப்பக்கத்தில் பாதிக்கப்பட்டவர் பெயரை எழுத வேண்டுமே? யார்? பொய் சொல்லிக் கேட்டு வாங்கிய போலீஸ்காரரா?

'சமூகம் கெட்டுப்போகாதா?' என்பீர்கள். நியாயமான கேள்வி. இதைச் சின்னப் பையனிடம் விற்றால், பிடித்து உள்ளே போடுங்கள். பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டினால், கிழியுங்கள். நிஜக் குழந்தையைப் படம் பிடித்திருந்தால், ஈவு இரக்கமே வேண்டாம். அங்கே ஒரு நிஜமான குழந்தை அழுதிருக்கிறது. இங்கே இருப்பது மையும் காகிதமும். விற்றது ஒரு பெரியவர், விரும்பிக் கேட்டது இன்னொரு பெரியவர்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973-ல் 'மில்லர்' வழக்கில் ஓர் அளவுகோல் கொடுத்தது. அந்த ஊரின் சராசரி மனிதர் பார்வையில் காம இச்சையைத் தூண்டுகிறதா? பாலியல் விஷயத்தைச் சகிக்க முடியாதபடி காட்டுகிறதா? மொத்தத்தில் கலை, இலக்கிய, அரசியல், அறிவியல் மதிப்பு ஏதும் இல்லாததா? மூன்றுக்கும் 'ஆமாம்' வந்தால்தான் ஆபாசம். டயானாவின் படங்களைப் பார்த்தால் யாருக்காவது இச்சை வருமா? எனக்கு வாந்திதான் வந்தது. இச்சைக்காக எழுதிய சட்டத்தை வைத்து, குமட்டலுக்குத் தண்டனை கொடுத்திருக்கிறார்கள். மேல்முறையீட்டில் விளம்பரக் குற்றச்சாட்டு மட்டும் விழுந்தது. 1997-ல் உச்ச நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுக்கவே மறுத்துவிட்டது.

'அது அமெரிக்கா, நமக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 1868-ல் இங்கிலாந்து நீதிபதி சொன்ன 'மனசைக் கெடுக்குமா?' என்ற அளவுகோலைத்தான் நம் உச்ச நீதிமன்றம் 1964-ல் எடுத்துக்கொண்டது. 2014-ல் அதைக் கைவிட்டு, 'இன்றைய சமூகம் எதை ஏற்கும்?' என்று பார்க்கச் சொன்னது. முன்னேற்றம்தான். ஆனால் அந்தச் சமூகம் என்பது யார்? நீங்களும் நானும்தான். நம் முகச்சுளிப்புதான் அங்கே சாட்சி.

ஒரு உண்மையை ஒத்துக்கொள்கிறேன். படங்களைப் பார்த்த அந்த நிமிஷத்தில், 'இவனுக்கு இதெல்லாம் வேணும்' என்றுதான் என் மனசும் சொன்னது. அன்றைக்கு ஜூரியில் உட்கார்ந்திருந்தால், நானும் கை தூக்கியிருப்பேன். மறுநாள்தான் வேறொன்று உறைத்தது. என் சின்ன மகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோரைப் பல்லும் ரத்தமுமாய் ஏதோ பேய் வரைந்திருந்தாள். "யாரும்மா இது?" என்றேன். "எங்க கணக்கு மிஸ்" என்றாள்.

சிரித்துவிட்டு நோட்டை மூடி வைத்தேன். ராத்திரி படுக்கும்போது, ஃப்ளோரிடாவில் அந்த வீட்டு மேஜையும் அதன் மேல் ஒரு வெள்ளைக் காகிதமும் ஞாபகத்துக்கு வந்தன. அதில் கோடு விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்க, ஒரு போலீஸ்காரருக்குச் சட்டம் அனுமதி கொடுத்திருந்தது.

இப்போது சொல்லுங்கள், உங்களுக்கு எது அதிகமாகக் குமட்டுகிறது?