பலாவுவில் ஒரு கையெழுத்து

2017 டிசம்பர் முதல், பசிபிக் தீவு நாடான பலாவுவில் இறங்கும் பயணியின் பாஸ்போர்ட்டில் ஓர் உறுதிமொழி முத்திரையிடப்படுகிறது. தீவின் இயற்கைக்கு ஊறு செய்யேன் என்று அங்குள்ள குழந்தைகளை விளித்துச் சொல்வது, ஒப்பமிட்டால்தான் அனுமதி. விடுப்பு வாங்கி, அறைக்கு முன்பணம் கட்டி, கடல் தாண்டி வந்துவிட்டவன் மறுக்கவா போகிறான்? மறுக்க முடியாத இடத்தில் தருவதை வாக்கு என்று ஏற்க எனக்குத் தயக்கம். வங்கியில் கையெழுத்துக்களை ஒப்பிட்டுப் பார்ப்பது என் பிழைப்பு. புரோநோட்டுக்கு உயிர், அதை நீட்டிக் கேட்க ஓர் ஆள் இருப்பதில். குழந்தைகள் யாரிடம் போய் நீட்டுவார்கள்? கடன்பட்டவன்தான் விமானமேறிவிட்டானே.

எனக்கு இதைவிட நேர்மையாகப் படுவது 2020இல் அந்நாடு கொண்டுவந்த தடை: பவளப்பாறைக்குக் கேடான சன்ஸ்க்ரீன் களிம்புகள் பறிமுதல். அது பலாவுவை இன்னும் பார்த்திராதவனை, வீட்டில் பெட்டி அடுக்கும்போதே நிறுத்திக் கேட்கிறது.