பானைக்குள் இருட்டு

பாம்புக்கு இமை கிடையாது. கண்ணின் மேல் ஒளி புகும் செதில் ஒன்று ஒட்டியிருக்கிறது. பாம்பு தூங்கினாலும் விழித்திருந்தாலும் பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தெரியும். வெளிச்சம் போதும் என்று தோன்றினால் கண்ணை மூடிக்கொள்ள அதற்கு வழியில்லை. உடம்போடு எழுந்து இருட்டுக்குள் போனால்தான் உண்டு. பாம்பை அடைத்து வைக்கிறவர்கள் முதலில் பறிப்பது அந்த இருட்டை.

*

பாப்பிரெட்டிப்பட்டியில் அந்த இருட்டுக்குப் பஞ்சமில்லை. இது சேர்வராயன் மலையின் அடிவாரம். மலையிலிருந்து இறங்கும் வாணியாற்றை அணை கட்டி மறித்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரிலும் கிணற்றுத் தண்ணீரிலும் கரும்பு, மஞ்சள், மரவள்ளி, தென்னை என்று விளைகிறது. கரும்புச் சோகைக்கு அடியில், மரவள்ளிக் குச்சிக் கட்டுக்குப் பின்னால், கிணற்று மேட்டுக் கல்லடுக்கில், வரப்போர எலி வளையில் என்று எங்கும் ஒரு பாம்பு நுழையும் அளவுக்கு இடம் இருக்கிறது. சாரையும் நல்ல பாம்பும் வெயிலுக்கு அங்கேதான் ஒதுங்குகின்றன. களை எடுக்கப் போகிறவர்கள் வாலைப் பார்த்தால், 'அது பாட்டுக்குப் போகட்டும்' என்று கொஞ்ச நேரம் வேறு பாத்திக்கு நகர்ந்துகொள்வார்கள். எல்லோரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். தடியெடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

எலி வளை தாராளமான இடம் இல்லை. சுருண்டு கிடக்கும் பாம்பின் முதுகு மேல் மண்ணைத் தொடும், விலா இருபுறமும் சுவரைத் தொடும். நமக்கு மூச்சு முட்டுகிற இடம் அதற்கு நிம்மதி. உடம்பைச் சுற்றி ஏதோ ஒன்று தொட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வரப்போவதில்லை.

*

எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போகும் பையன் ஒருவன் கேட்டான்.

"அண்ணா, ஒரு பால் பைத்தான் வாங்கி வளர்க்கலாம்னு இருக்கேன். கண்ணாடித் தொட்டி எத்தனை அடியில செய்யச் சொல்லட்டும்?"

பால் பைத்தான் ஆப்பிரிக்காவின் சிறிய மலைப்பாம்பு. பயந்தால் உடம்பைப் பந்துபோல் உருட்டிக்கொண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். உலகம் முழுக்க வீடுகளில் வளர்க்கிறார்கள். கைப்பேசியில் பார்த்துப் பார்த்து அவனுக்கும் ஆசை வந்துவிட்டது.

"தொட்டி கிடக்கட்டும். அது ஒளிஞ்சுக்க உள்ள என்ன வைப்ப?"

"ஒளிஞ்சுக்கிட்டா நான் எப்படிண்ணா பார்க்கிறது?"

நல்ல பையன்தான். ஆனால் தொட்டிக்குள் பாம்புக்கு வரும் காயங்களில் பல இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கின்றன.

*

கண்ணாடி என்ற ஒன்று பாம்பின் உலகத்தில் இல்லை. அப்பால் வெளி தெரிகிறது, மூக்கு மட்டும் முட்டுகிறது. வழி இருக்கிறது என்று கண் சொல்லும்போது முட்டுவதை எதற்கு நிறுத்த வேண்டும்? இரவெல்லாம் மூலைக்கு மூலை மூக்கை வைத்துத் தள்ளிக்கொண்டே போகும். மூக்கு நுனியில் இருக்கும் செதில் முதலில் மழுங்கும், பிறகு தோல் கிழியும், பிறகு புண்ணாகும். கம்பி வலை அடித்த பெட்டி இன்னும் மோசம், அது அரம்தான். புண் வாய்க்குள் இறங்கினால் ஈறு வீங்கிச் சீழ் கட்டும். பாம்பின் சீழ் வழிந்து ஓடாது, கெட்டியாக உறைந்து கிடக்கும். வாய் மூடாது, இரை எடுக்காது. பாம்பு வளர்ப்பவர்கள் அதிகம் பயப்படும் நோய்களில் இது ஒன்று.

மருந்து தேடுவதற்கு முன் செய்ய வேண்டியது எளிது. தொட்டியின் மூன்று பக்கங்களைக் காகிதம் ஒட்டி மறைத்துவிட வேண்டும், வெளிப்புறத்தில். உள்ளே, உடம்பு இடிபடும் அளவுக்கே இடம் உள்ள மறைவிடம் இரண்டு வேண்டும். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. ஒன்றே ஒன்று வைத்தால், ஒளிவதா, உடம்புச் சூட்டைச் சரிசெய்வதா என்று பாம்பு தினமும் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். பிறகு, கண்ணாடியைத் தட்டக் கூடாது. சென்னை கிண்டியில் 1972 முதல் பாம்புப் பண்ணை இருக்கிறது. இத்தனை காலத்துக்குப் பிறகும் அங்கே போகிறவர்களின் விரல் தானாகக் கண்ணாடிக்குப் போகிறது. பாம்புக்கு வெளிக்காது இல்லை. தாடை எலும்பு வழியாக அதிர்வு உள்காதுக்குப் போகிறது. தாடையைத் தரையில் வைத்துப் படுத்திருக்கும் உயிருக்கு அந்தத் தட்டல் தலைக்குள்ளேயே விழும்.

*

சூட்டைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கலக்கமாக இருக்கிறது. சுடுகிற பொருளின் மேல் படுத்த பாம்பு விலகிவிடும் என்று நாம் நினைப்போம். பல நேரம் விலகுவதில்லை. வயிற்றுச் செதில்கள் வெந்து பழுத்த பிறகும் அங்கேயே கிடக்கும். அடியிலிருந்து சூடேற்றும் செயற்கைக் கல், தொட்டிக்குள் மூடியில்லாமல் தொங்கும் பல்பு இரண்டும் இப்படிப் பல பாம்புகளைச் சுட்டிருக்கின்றன. பல்பைச் சுற்றியே ஏறிப் படுத்துக்கொள்ளும். வெளிநாட்டுப் பாம்பு வைத்திருப்பவர்கள் பல்புக்குக் கம்பிக்கூண்டு போட்டு, வெப்பத்தைத் தானே நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் வைப்பது அதனால்தான்.

நம் ஊர்ச் சித்திரையில் பல்புக்கே வேலை இல்லை. இங்கே ஆபத்து ஜன்னல். காலையில் நிழலாக இருந்த இடத்துக்குப் பதினோரு மணிக்கு வெயில் வந்துவிடும். மூடிய கண்ணாடித் தொட்டி சீக்கிரம் கொதிக்கும். வயலில் இருக்கும் பாம்பு வளைக்குள் இன்னும் ஓரடி இறங்கித் தப்பிக்கும். தொட்டிக்குக் கீழே வளை இல்லை.

*

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள், ஆனால் கொல்லக்கூடியவை. மூடியை இறுக்க ஒட்டிய செல்லோ டேப் பிரிந்து உள்ளே தொங்கினால் பாம்பு அதில் ஒட்டிக்கொள்ளும். பதறி இழுத்தால் செதிலோடு வரும், சமையல் எண்ணெய் தடவிப் பொறுமையாகத்தான் பிரிக்க வேண்டும். நகரும் கதவில் வால் நுனி நசுங்கும். மணலின் மேல் கல்லை வைத்தால் பாம்பு அடியில் தோண்டிப் புகும்போது கல் சரியும். முதலில் கல்லைத் தரையில் உட்காரவைத்து, பிறகுதான் மணலைக் கொட்ட வேண்டும். ஈரம் காயாத தரையில் வயிறு புண்ணாகும். பினாயில் போட்டுத் துடைக்கவே கூடாது.

உயிருள்ள எலியைப் போடுவது இன்னொன்று. பசியில்லாத பாம்போடு ஒரு எலியை இரவு முழுக்க அடைத்தால், காலையில் கடிபட்டிருப்பது பாம்பாக இருக்கும். வெட்டவெளியில் எலிக்கு ஓட வழி இருக்கிறது. தொட்டியில் அதற்கும் இல்லை, அதனால் பல்லைப் பயன்படுத்துகிறது. முதுகெலும்பு தெரியுமளவுக்குக் குதறப்பட்ட பாம்புகள் உண்டு. இறந்த எலியைக் கொடுத்துப் பழக்குவதே முறை.

*

சட்டை உரிக்கும் நாட்களில் கண் பால் படர்ந்து மங்கும். அப்போது பாம்பைத் தொடாமல் இருப்பது நல்லது. பிறகு கல்லிலோ கட்டையிலோ மூக்கை உரசி, உதட்டோரம் பிரித்து, காலுறையைத் திருப்பிக் கழற்றுவதுபோல் முழுத் தோலையும் உள்புறம் வெளியே வர உரித்துவிட்டுப் போகும். அந்தச் சட்டையில் கண்ணின் செதிலும் சேர்ந்து வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்றில் ஈரம் போதாவிட்டால் அது கண்ணிலேயே தங்கிவிடும். நகத்தால் கிள்ளி எடுக்கப் போனால் கண்ணே போய்விடும். ஈரத்துணி போட்ட பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்தாலோ, அடுத்த சட்டை வரை பொறுத்தாலோ பெரும்பாலும் தானாக வந்துவிடும்.

பொறுப்பது கஷ்டமான வேலை. உதவுகிறேன் என்று கை போகிற இடங்களிலும் காயம் வருகிறது.

*

தமிழ்நாட்டில் பாம்பைக் காயமில்லாமல் வைத்திருப்பதைத் தொழிலாகவே செய்கிறவர்கள் இருளர் பழங்குடியினர். ஒருகாலத்தில் பாம்பைப் பிடித்துத் தோலுக்கு விற்றுப் பிழைத்தார்கள். 1972ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, பிறகு தோல் ஏற்றுமதிக்கும் தடை வந்தது, பிழைப்பு நின்றது. கிண்டிப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு 1978ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவானது. அது கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் வனத்துறை அனுமதித்த அளவில் பிடித்து வந்து, நஞ்சு எடுத்து, முறிமருந்து தயாரிப்பவர்களுக்குக் கொடுக்கிறார்கள். நம் ஊர் அரசு மருத்துவமனையில் ஏற்றும் பாம்புக்கடி மருந்தின் தொடக்கம் அப்படிப்பட்ட நஞ்சிலிருந்துதான்.

அங்கே பாம்பு இருப்பது மண்பானையில். அடியில் மணல், வாயில் மெல்லிய துணி, அதைச் சுற்றிக் கயிறு. வேறு ஒன்றும் இல்லை.

அந்தப் பானையைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். பானைக்கு மூலை கிடையாது. மூக்கைத் தேய்க்க விளிம்பும் கிடையாது. சுவருக்கு அப்பால் எதுவும் தெரியாது, அதனால் முட்டுவதற்குக் காரணம் இல்லை. சுடாத இடத்தில் வைத்தால் மண் குளிர்ந்திருக்கும். துணி வழியே காற்று வரும். வாரத்துக்கு ஒருமுறை போல வெளியே எடுத்து நஞ்சைக் குடுவையில் வாங்கிவிட்டுத் திரும்ப இருட்டுக்குள் விடுவார்கள். மூன்று நான்கு வாரங்களில், வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டு, வெளியில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அடையாளம் எதற்கு என்றால், அதே பாம்பு மறுபடி கையில் சிக்கினால் தொந்தரவு செய்யாமல் விடுவதற்கு.

பாம்பாட்டியின் கூடையும் இருட்டுதானே என்று கேட்கலாம். சிறுவயதில் சந்தையில் பார்த்திருக்கிறேன். மூடியைத் திறந்ததும் படமெடுக்கும். எங்களுக்கு அப்போது தெரியாதது, பல கூடைகளில் இருந்த பாம்பின் நச்சுப்பல் பிடுங்கப்பட்டிருக்கும், சிலவற்றின் வாயே தைக்கப்பட்டிருக்கும் என்பது. அந்தப் புண்ணிலேயே பட்டினியாகக் கிடந்து சாகும். பாலும் முட்டையும் வைத்ததெல்லாம் நம் மனநிறைவுக்கு. ஆக இருட்டு மட்டும் போதாது. எடுக்கிற கை எப்படி எடுக்கிறது, எப்போது விடுகிறது என்பதும் உண்டு.

கை என்றதும் ஒன்று. பாம்பின் மண்டையோடு கழுத்தெலும்பில் ஒரே ஒரு குமிழில்தான் பொருந்தி நிற்கிறது. கழுத்தை இறுக்கிப் பிடித்து உடம்பைத் தொங்கவிட்டால் அந்த இடம் பழுதாகும். இரும்பு இடுக்கியால் நெரித்தால் விலா உடையும், வெளியே தெரியாது. உடம்பின் கனத்தைத் தாங்கிப் பிடிப்பதை இருளர்கள் சின்ன வயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள்.

*

நாகம், சாரை, மலைப்பாம்பு போன்ற நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது குற்றம். பையன் கேட்ட வெளிநாட்டுப் பாம்புக்கு வழி உண்டு, ஆனால் 2024ல் வந்த விதிப்படி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். சென்னை விமான நிலையத்தில் பயணப் பெட்டிகளுக்குள் இப்படிப்பட்ட பாம்புக் குட்டிகளைச் சுங்கத்துறை திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறது. சந்தைக்கு வருவதில் எது எப்படி வந்தது என்று வாங்குபவனுக்கு எங்கே தெரியப்போகிறது.

வாங்கிய பாம்பைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. அங்கே ஃபுளோரிடாவின் சதுப்புநிலத்தில் பர்மா மலைப்பாம்புகள் பெருகியிருக்கின்றன. வீட்டில் வளர்த்தவை தப்பியும், வளர்த்தவர்களே சலித்துக் கொண்டுபோய் விட்டும் பெருகியவை. அங்கிருந்த விலங்குகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருக்கின்றன. 2017ல் அவற்றைத் தேடிப் பிடிக்க அழைக்கப்பட்டவர்கள் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும். இருவருக்கும் 2023ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆசையாகத் தொட்டியில் வைத்துப் பிறகு கைவிட்ட பாம்புகளைத் தேட, பானையில் வைத்து நாள் பார்த்து விட்டுவிடுகிறவர்கள் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். வாங்காதே என்று நான் சொல்லவில்லை. கேட்டுவிட்டு, "அப்போ தினமும் வெறும் பெட்டியைத்தான் பார்த்துட்டு இருக்கணுமாண்ணா?" என்றான். ஆமாம் என்றேன். என் கருத்தும் அதுதான். நன்றாக வைத்திருக்கும் பாம்பு பகலில் கண்ணில் படாது. அதில் திருப்தி உள்ளவர்கள் வளர்க்கட்டும். என்னைக் கேட்டால், வரப்பில் போகும் சாரையை நின்று பார்ப்பது எனக்குப் போதும்.

*

ஊரில் பாம்புக்கு வரும் காயம் பெரும்பாலும் தொட்டியில் வருவதில்லை. கோழிக்கும் மயிலுக்கும் பயந்து காய்கறிப் பாத்தியைச் சுற்றி நைலான் வலை கட்டுகிறோம். எலியைத் துரத்தி வரும் சாரை தலையை நுழைக்கும். கழுத்து போய்விடும், வயிறு போகாது. செதில்கள் பின்னோக்கிப் படிந்தவை, அதனால் பின்னால் இழுக்கவும் முடியாது. முறுக்க முறுக்க நூல் தோலை அறுத்து உள்ளே இறங்கும். வெயில் ஏறினால் அங்கேயே முடிந்துவிடும்.

அப்படி ஒன்றைப் பார்த்தால் வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். எந்தப் பாம்பு என்று உறுதியாகத் தெரியாவிட்டால் கிட்டேயே போகாதீர்கள். தூரத்திலிருந்து நிழல் விழும்படி ஏதாவது மறைப்புக் கட்டிவிட்டு, தீயணைப்பு நிலையத்தையோ (101) வனத்துறையையோ கூப்பிடுங்கள். வலையைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்திக் கட்டினால், அல்லது அடியில் தகரமோ தென்னை மட்டையோ வைத்து மறைத்தால், பாதிப் பாம்பு தப்பும். அறுவடை முடிந்த பிறகு வலையை வரப்பிலேயே விட்டுவிடாமல் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள்.