சாமி துரையும் துண்டும்

'நல்ல ஆண்டை' என்று ஒருவர் இருக்க முடியுமா? திருவாதவூர்ப் பக்கம் எங்க சேரிகளில் வயசானவங்ககிட்ட கேட்டால், "இருந்தாங்கப்பா, இல்லேங்கலாமா? ஆனா ஆண்டைதானே" என்பார்கள். அந்தக் கடைசிச் சொல்லைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

1852இல் ஸ்காட்லாந்திலிருந்து இலங்கைக்கு வந்தவர் ஜேம்ஸ் டெய்லர். கண்டிச் சீமையில் லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்டவர். 1892இல் அங்கேயே செத்தார். அவர் தன் குடும்பத்துக்கு எழுதிய கடிதங்கள் எடின்பரோவில், ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவருடைய உடலைத் தொழிலாளிகளே கண்டி வரை சுமந்து போனார்கள். 'சாமி துரை' என்று அவரை அழைத்ததாகச் சொல்வார்கள்.

சுமந்தவர்கள் யார்? மதுரை, ராமநாதபுரம், திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பி மலையேறிய சனங்கள். பெரும்பாலும் பள்ளர், பறையர், அருந்ததியர். மன்னாரில் இறங்கி மாத்தளைக் காட்டு வழியே நடந்தவர்களில் காலராவில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. தப்பிப் பிழைத்தவனுக்கு லயத்தில் ஒரு காம்பரா, கங்காணி தலையில் கட்டிய கடன், விடியுமுன்னே எழுப்பும் தப்புச் சத்தம், பிரட்டுக் களம். தப்படித்து எழுப்பியவனும் நம்மாள்தான்.

துரைக்குக் கடிதம் இருந்தது. கூலிக்கு என்ன எழுத்து இருந்தது? துண்டு. அவன் எவ்வளவு கடன்பட்டிருக்கிறான் என்று தோட்டத்தில் எழுதிக் கொடுக்கும் சீட்டு. அந்தக் கடனை அடைக்க இன்னொரு தோட்டம் ஒத்துக்கொண்டால்தான் அவன் அங்கே போகலாம். 1921இல்தான் அதை ஒழித்தார்கள்.

இது இலங்கையோடு முடிகிற விஷயமல்ல. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வில்லியம் பேர்ட் என்றொரு பெரிய பண்ணையார் இருந்தார். 1709 முதல் 1712 வரை ரகசியக் குறுக்கெழுத்தில் நாட்குறிப்பு எழுதினார். 1941இல் அது அச்சானது. காலையில் எழுந்தது, எபிரேயமும் கிரேக்கமும் படித்தது, ஜெபம் பண்ணியது, பால் குடித்தது, அடிமையைச் சவுக்கால் அடித்தது எல்லாம் ஒரே மூச்சில் வருகின்றன. படுக்கையை நனைத்த யூஜின் என்கிற அடிமையைச் சிறுநீர் குடிக்க வைத்ததும் அதில் இருக்கிறது. 2002இல் திண்ணியத்தில் நம்மவர் வாயில் மலம் திணித்ததைப் பார்த்த நமக்கு இது தூர தேசத்துச் சேதி அல்ல.

டெய்லரும் பேர்டும் ஒன்றா? இல்லை. சவுக்கடிக்கும் கனிவுக்கும் வித்தியாசம் உண்டு. முதுகு வலித்தவனுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் கனிவு காட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை இரண்டு இடத்திலும் ஒருத்தன் கையில்தான் இருந்தது. அந்த உரிமைதான் ஆண்டைத்தனம். குணம் அதன் மேல் போர்த்திய வேட்டி.

அந்தக் காலத்து மனுசனை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். லயத்தில் கிடந்தவனும் அந்தக் காலத்து மனுசன்தானே? அவனுக்கு வலித்ததும் அந்தக் காலத்து வலிதான். காலத்தின் பெயரால் துரையை மட்டும் மன்னிக்கிறவர்கள், அந்தக் காலத்தில் துரை மட்டும்தான் வாழ்ந்தார் என்று நம்புகிறார்கள்.

திருவாதவூர் மாணிக்கவாசகர் பிறந்த ஊர். அவரையொட்டி வருகிற பிட்டுக்கு மண் சுமந்த கதை எல்லோருக்கும் தெரியும். வைகைக் கரையில் மண் சுமந்த கூலியாளைப் பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அவன் முதுகு உட்பட எல்லோர் முதுகிலும் விழுந்தது. ஏன்? கூலியாளாக வந்தது சிவன். வெறும் கூலியாளாக இருந்திருந்தால்? அடி அவன் முதுகோடு போயிருக்கும், கதையும் இருந்திருக்காது. கூலிக்கு வலித்தால் ஊருக்கு வலிக்க, கூலி சாமியாக இருக்க வேண்டியிருக்கிறது. மலைநாட்டிலோ கூலியைச் சுமக்க வைத்தவர் சாமியானார்.

1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தகப்பன் பிறப்புக்குச் சான்று கேட்டது. கடன் எழுத மட்டுமே காகிதம் கண்ட சனம் சான்றுக்கு எங்கே போகும்? நாடற்றுப் போனார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று தலையெண்ணிப் பிரித்தது. வந்தவர்களில் மிச்சமிருப்பவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் வாய்ச்சொல்லை எழுதி வைப்பது நம் வேலை. துரைமார் கடிதங்களைக் காக்க நூலகம் இருக்கிறது. இவர்களுக்கு நாம்தான் இருக்கிறோம்.